பிடிபட்டவரைப் பார்க்க ஆர் வருவினம்?

ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்திலோ பருத்தித்துறையிலோ இந்திய மீனவர்களை முற்படுத்துகிற செய்தி எங்களுக்குப் புதிதில்லை. இத்தனை பேர், இத்தனை றோலர், விளக்கமறியல். வாசித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். அண்மையில் இதைப் பற்றி நாங்கள் கூடியிருந்து கதைக்கேக்க, குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவரின் மகனான எங்கட நண்பன் கேட்டான்: "எங்கட வலையை அறுத்தவையைப் பார்க்க அவையின்ர தூதரகத்தில இருந்து ஆள் வருது. எங்கட ஆக்கள் வெளியில பிடிபட்டா ஆர் வாறது?" பதில் தேடப் போய்த்தான் இதை எழுதுகிறோம்.

தூதரகத்திலிருந்து ஆள் வருவது சலுகை இல்லை. 1963இல் உருவான கொன்சியூலர் உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் உறுப்புரை அது. வெளிநாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், "உன்ர நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கச் சொல்லிக் கேட்கிற உரிமை உனக்கு இருக்கு" என்று அவருக்குத் தாமதமில்லாமல் சொல்லவேணும். அவர் கேட்டால் அறிவிக்கவேணும். தூதரக அதிகாரி சிறைக்கு வந்து சந்திக்கலாம், கடிதம் எழுதலாம், சட்டத்தரணி ஒழுங்கு செய்து கொடுக்கலாம். விடுவிக்கச் சொல்லிக் கட்டளையிட மட்டும் ஏலாது.

எங்கட கடலில் இந்த உறுப்புரைக்கு வேலை வந்தது பிந்தித்தான். இரண்டு கரையையும் வெள்ளைக்காரன் ஆண்டபோது வேதாரணியத்துக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையில் வள்ளம் போய்வந்தது. அந்தக் கடலில் ஆர் வெளிநாட்டவர்? 1974இலும் 1976இலும் செய்த ஒப்பந்தங்கள் தண்ணியில் கோடு கீறின. கச்சதீவு இந்தப் பக்கம் வந்தது. 1979இல் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் இலங்கையில் வந்தது. பிறகு யுத்தம். எங்கட ஆக்கள் கடலுக்கு இறங்குவதற்கே பாஸ், நேரக் கட்டுப்பாடு, தடை. 2009க்குப் பிறகு அவர்கள் திரும்பக் கடலுக்குப் போனபோது, மறுகரை றோலர்கள் அங்கே அடிமடியை வாரிக்கொண்டு நின்றன. 2010 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத்தூதரகம் திறக்கப்பட்டது. வீடமைப்பு, புலமைப்பரிசில் என்று அதற்குப் பல வேலைகள். ஆனால் சிறையில் இருக்கிற மீனவருக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: பார்க்க வருகிறவர் கொழும்பிலிருந்து வரத் தேவையில்லை.

அந்தத் தொடர்பு எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு 2014 போதும். 2011 நவம்பரில் கைதான இராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் ஐந்து பேருக்கு, ஹெரோயின் கடத்தினதாக 2014 ஒக்டோபர் 30இல் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. தமிழ்நாடு கொதித்தது. இந்தியா மேன்முறையீடு செய்தது, டில்லியும் கொழும்பும் கதைத்தன, பிறகு மேன்முறையீட்டை விலக்க, ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ மன்னிப்பு வழங்கினார். நவம்பர் முடிவதற்குள் ஐவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். எங்களை நிறுத்தினது வேறொரு வரி. அதே வழக்கில் அதே தண்டனை மூன்று இலங்கையருக்கும் விதிக்கப்பட்டது. அந்த மூன்று பேருக்காக ஜனாதிபதிக்குப் போன் எடுக்க இன்னொரு அரசாங்கம் இல்லை. சொந்த நாட்டுச் சிறையில் இருக்கிறவரைப் பார்க்கக் கொன்சல் வரமாட்டார்தானே.

சரி, எங்கட ஆக்கள் வெளியில் பிடிபட்டால்? எல்லை தாண்டிப் போய்த் தமிழ்நாட்டில் பிடிபடுகிற மீனவருக்குச் சென்னையில் இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. ஆனால் அலுவலகம் இருப்பது ஒன்று, வேளைக்கு வருவது இன்னொன்று. மூதூரிலிருந்து சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போன றிசானா நபீக் 2005 மே மாதம் கைதானார். கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பப்பட்ட பிள்ளை. 2007இல் மரண தண்டனை விதிக்கும்வரை அவருக்குச் சட்டத்தரணி இல்லை. மேன்முறையீட்டுக்குக் காசு சேர்த்தது ஹொங்கொங்கில் இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு, அரசு இல்லை. 2013 ஜனவரி 9இல் தலை வெட்டப்பட்டது. முதல் வாக்குமூலம் எடுக்கிற அறையிலேயே அவரோடு தமிழில் கதைக்க ஒரு தூதரக ஆள் இருந்திருந்தால் என்ற யோசனை எங்களை விடவில்லை.

இவ்வளவும் வாசித்தபிறகு நண்பனின் கேள்வியிலேயே ஒரு பிழை இருப்பதாக எங்களுக்குப் பட்டது. ஆள் வருவது எப்பவும் நல்லது என்று அவன் நினைத்துவிட்டான். 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கரையில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் கனடா போய் இறங்கி, தடுத்து வைக்கப்பட்ட 492 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களைப் பார்க்க இலங்கைத் தூதரக அதிகாரி வந்தால் அது உதவியா? எந்த அரசுக்குப் பயந்து ஓடினார்களோ அதன் கையில் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கிற வேலை அது. உடன்படிக்கை எழுதினவர்கள் இதற்கும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். கைதானவர் கேட்டால்தான் அறிவிப்பு. அவர் வெளிப்படையாக மறுத்தால் தூதரகம் அவருக்காக எதுவும் செய்யக்கூடாது. லாகிராண்ட் வழக்கில் 2001இல் சர்வதேச நீதிமன்றமும் இந்த உறுப்புரை அரசுக்கு மட்டும் இல்லை, தனியாளுக்கும் உரிமை தருகிறது என்று சொன்னது. அமெரிக்காவில் கைதான இரண்டு ஜேர்மன் சகோதரர்களுக்கு இந்த உரிமையை நேரத்துக்குச் சொல்லாமல் விட்ட வழக்கு அது. தீர்ப்பு வரமுதலே, 1999இல், இரண்டு பேருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டுவிட்டது.

எங்களில் ஒருத்தியின் பெரியப்பா எண்பதுகளில் ஐரோப்பிய விமான நிலையம் ஒன்றில் பிடிபட்டவர். இந்தக் கட்டுரைக்காக அவருக்கு வாட்ஸப்பில் அழைப்பு எடுத்தோம். எம்பசிக்கு அறிவிக்கவோ எண்டு கேட்டவங்களாம். என்ன மொழியில கேட்டவங்கள் எண்டு அவருக்கு இப்ப ஞாபகம் இல்லை. எம்பசி எண்ட சொல்லு மட்டும் விளங்கினதாம். கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாம் ஐயா" எண்டு தமிழில சொன்னாராம்.