மடியில் மறைந்த ஆயுதம்

திருச்சுழிக்கு நாங்கள் சென்றது துப்பாக்கிகளைத் தேடி அன்று. குண்டாற்றை ஒட்டிய பள்ளிமடம் காளைநாதர் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டுகளைக் காணச் சென்றோம். திரும்பும் வழியில் அருப்புக்கோட்டைச் சாலையோரம் ஒரு மக்காச்சோளக் காட்டுக்கு அருகே வண்டியை நிறுத்த நேர்ந்தது. எழுபதைத் தாண்டிய சம்சாரி ஒருவர் பரணடியில் அமர்ந்திருந்தார். காட்டுப்பன்றிகளைப் பற்றிப் பேச்சுத் திரும்பியது. பயிர்க்காவலுக்கென்று உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி அவரிடம் உண்டாம். ஆனால் அப்போது கையில் இல்லை. "எலெக்சன் அறிவிச்சதும் டேசன்ல கொண்டுபோய்க் கொடுத்தாச்சு தம்பி. பன்னிக்கு எலெக்சன் தெரியுமா?" என்றார். பிறகு தம் தோள் உயரத்துக்குக் கையைக் காட்டி, "அது இம்புட்டு நீளம். அத மடியிலயா கட்டிக்கிட்டுப் போயி ஒருத்தனச் சுடப்போறேன்?" என்று கேட்டார்.

நாங்கள் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி ஊர் வந்து சேர்ந்த பிறகும் எங்களை விடவில்லை. ஆயுதத்தின் நீளத்துக்கும் அதன் மீது அரசு கொள்ளும் அச்சத்துக்கும் உள்ள உறவு இந்த வறண்ட சீமையில் இருநூறு ஆண்டுப் பழமை உடையது. மடியில் அடங்கும் ஆயுதம் எப்போது, எதனால் பெருமதிப்புப் பெற்றது என்று தேடிப் பார்த்தோம்.

ஒரு காலத்தில் இங்கே ஆயுதம் மறைக்கும் பொருள் அன்று, காட்டும் பொருள். 1798இல் கலெக்டர் ஜாக்சன் தம்மைக் காண வருமாறு வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு ஆணையிட்டுவிட்டு, ஊர் ஊராக அலைக்கழித்த கதையை வாசகர்கள் அறிவார்கள். குற்றாலத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிப்புத்தூர், கமுதி வழியாக இராமநாதபுரம் வரை அந்தப் பயணம் நீண்டது. வரைபடத்தை எடுத்து விரல் வைத்துப் பார்த்தால், அது நாம் பேசும் இதே சீமையின் குறுக்காகச் சென்ற பயணம் என்பது விளங்கும். பாளையக்காரர் சென்றால் வாளும் வேலும் தாங்கிய பரிவாரத்தோடுதான் செல்வார். வழியில் உள்ளவர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். செப்டம்பர் 10ஆம் நாள் இராமலிங்க விலாசத்தில் நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் மாண்டார். பின்னர் விசாரித்த குழு ஜாக்சன் மீதே குற்றம் கண்டது. ஆயுதத்தோடு வந்தார் என்பதைக் குற்றமாகக் கருதும் காலம் இன்னும் வந்திருக்கவில்லை.

அந்தக் காலம் மூன்றே ஆண்டுகளில் வந்தது. மருதிருவரும் ஊமைத்துரையும் வீழ்ந்த பின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். கோட்டைகள் இடிபட வேண்டும். ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும். துப்பாக்கியோ ஈட்டியோ வைத்திருப்போருக்கு மரண தண்டனை. சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் தாம் கற்றுக்கொண்டதை நன்றியோடு நினைவுகூர்ந்து எழுதிய ஜேம்ஸ் வெல்ஷ், அவரை வேட்டையாடிய படையிலும் இருந்தார். வளரி இன்று சென்னை, புதுக்கோட்டை அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமமுறையைக் கொண்டுவந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு; இந்தியருக்கு விண்ணப்பம். அடுத்த ஆண்டு திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற குழந்தைதான் பின்னாளில் ரமண மகரிஷி என்பது இங்கே தொடர்பில்லாத செய்தி. ஆனால் திருச்சுழியைப் பற்றி எழுதிவிட்டு அவரைச் சொல்லாமல் விட்டால் எங்கள் நண்பர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

திறந்த வெளியில் ஆயுதம் இல்லாமற் போன நாட்டில்தான் ஒளித்து வைக்கக்கூடிய ஆயுதம் விலைமதிப்பற்றதாயிற்று. அதே காலத்தில் ஐரோப்பாவில் தொழில்நுட்பமும் அதற்கு வசதியாக மாறியது.

இங்கே சற்று நின்று கருவிகளையே ஒப்பிட வேண்டும். ஆங்கில அதிகாரியின் இடுப்பில் தொங்கியது பர்மிங்ஹாமில் செய்த வெப்ளி ரிவால்வர். ஆறு தோட்டாக்கள் கொள்ளும் சுழல் உருளை. ஒரு கிலோ அளவு எடை. 0.455 அங்குல அளவில் அதன் குண்டு மட்டும் 17 கிராம். உருளை இரு பக்கமும் பிதுங்கி நிற்பதால் சட்டைக்குள் அதை மறைக்க இயலாது. மறைக்க வேண்டிய தேவையும் அந்த அதிகாரிக்கு இல்லை. அது தோலுறையில் தொங்குவதே ஓர் அறிவிப்புதான். இதற்கு நேர் எதிரானது, அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரில் எஃப்.என். நிறுவனம் செய்த 1900ஆம் ஆண்டுத் தானியங்கிப் பிஸ்டல். நீளம் 17 சென்டிமீட்டர், எடை 625 கிராம், 7.65 மில்லிமீட்டர்த் தோட்டாக்கள் ஏழு. உருளைக்குப் பதிலாகத் தோட்டாக்கள் கைப்பிடிக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. எனவே முழுக் கருவியும் ஒரு தட்டையான பலகை போல இருந்தது. ஒரு மாற்றம்தான், ஆனால் தட்டையான பொருள் வேட்டி மடிப்பிலும் கோட்டுப் பையிலும் உருத்தெரியாமல் அமர்ந்துவிடும். 1906இல் வந்த அடுத்த வடிவம் இன்னும் சிறியது: 11 சென்டிமீட்டர் நீளம், 370 கிராமுக்கும் குறைவு, 6.35 மில்லிமீட்டர்த் தோட்டாக்கள் ஆறு. 1910ஆம் ஆண்டு வடிவம் நடுத்தர அளவு. துணியில் சிக்கிக்கொள்ள வெளியே நீட்டிய சுத்தியல்கூட அதில் கிடையாது. பையிலிருந்து உருவும் நொடியை எண்ணிச் செய்த கருவி அது. சரயேவோவில் 1914 ஜூன் 28 அன்று பிரின்சிப் கையில் இருந்தது அவ்வடிவமே.

சிறுமைக்கு விலையும் உண்டு. பிரௌனிங்கின் 7.65 குண்டு ஐந்து கிராமுக்கும் குறைவு; வெப்ளிக் குண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குழலும் குட்டை, தொலைவில் குறி நிலைக்காது. ஆகவே மறைக்கத்தக்க துப்பாக்கி, கையாள்பவனைப் பகைவனுக்கு மிக அருகில் வரச்செய்கிறது. போர்க்களத் தொலைவு அதற்கு உதவாது. பேச்சுத் தொலைவு, வணக்கம் சொல்லும் தொலைவு, அவ்வளவே. இந்த ஒரு குணத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் நிகழ்ச்சிகள் வேறு விதமாகத் தெரியும்.

1909 டிசம்பர் 21 அன்று நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹரே என்ற மாணவர் நாடக அரங்கினுள் சுட்டார். (இராமநாதபுரத்து ஜாக்சன் வேறு, வரலாறு சில வேளைகளில் பெயர்களில் சிக்கனம் காட்டுகிறது.) லண்டனிலிருந்து சாவர்க்கர் அனுப்பியவை இருபது பிரௌனிங் பிஸ்டல்கள், ஒரு பெட்டியின் பொய்யான அடித்தளத்துக்குள் வைத்துக் கொண்டுவரப்பட்டன. இருபது வெப்ளிகளை அவ்வாறு ஒரு பெட்டியின் அடியில் கொண்டுவந்திருக்க முடியுமா என்பது ஐயமே.

பதினெட்டு மாதங்கள் கழித்து, அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, அதே கரிசல் தொடர்ச்சியில் உள்ள மணியாச்சியில் அது நிகழ்ந்தது. 1911 ஜூன் 17 காலை, கொடைக்கானலுக்குச் செல்லும் வழியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு அமர்ந்திருந்தார். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பின் நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார். அவரிடம் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். சுடும் பயிற்சி புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் பெற்றது. ஆஷ் எத்தகைய அதிகாரி, வாஞ்சியின் கடிதம் எதைப் பேசுகிறது என்பன குறித்து இன்றளவும் கடும் கருத்து வேறுபாடுகள் உள்ளன. அவற்றுள் இக்கட்டுரை புகவில்லை. எங்கள் கண்ணில் படுவது வேறு. ஆளுக்குத் துணையாகப் படை இல்லை, குதிரை இல்லை, கோட்டை இல்லை. 1801இல் ஒரு சீமை முழுவதையும் நிராயுதமாக்கிய அரசு, 1911இல் ஒரு பயணியின் ஆடைக்குள் இருந்த தட்டையான இரும்பைக் காண இயலாமல் நின்றது.

இதே நோக்கில் பார்த்தால், 1914 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவில் ராடா நிறுவனத்தின் சரக்கிலிருந்து புரட்சியாளர் கவர்ந்த 50 மௌசர் பிஸ்டல்கள் ஒரு பின்னடைவு என்றே சொல்வோம். மௌசர் ஆற்றல் மிக்கது. பத்துத் தோட்டா கொள்ளும். மர உறையைக் கைப்பிடியில் பொருத்தினால் துப்பாக்கி போலத் தோளில் சார்த்திச் சுடலாம். ஆனால் ஓர் அடி நீளம், ஒரு கிலோவுக்கு மேல் எடை. கொள்ளைக்கும் எதிர்நின்று போரிடவும் ஏற்றது. சட்டைக்குள் சுமந்து திரிய ஏற்றதன்று.

இதுவரை நாம் பேசிய துப்பாக்கிகளை ஒரு வகையான பெருமிதத்தோடு படிப்பது நம் பள்ளிப் பாடங்களின் வழக்கம். 1948 ஜனவரி 30 அந்தப் பெருமிதத்தைக் குலைத்தது. கோட்சே கையில் இருந்தது 1934ஆம் ஆண்டு வடிவ இத்தாலியப் பெரெட்டா: 15 சென்டிமீட்டர், ஏறத்தாழ 660 கிராம், ஏழு தோட்டாக்கள். அளவில் பிரௌனிங்கின் உடன்பிறப்பு என்றே கொள்ளலாம். கூட்டத்தை விலக்கி வந்து, வணங்கி, மூன்று முறை சுட்டான். தொலைவு அதே வணக்கத் தொலைவு. கருவி மாறவில்லை; எதிரே நின்றவர் மாறிவிட்டார்.

1931இல் கராச்சி காங்கிரஸ், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமகனின் அடிப்படை உரிமையாகத் தீர்மானித்திருந்தது. 1948 டிசம்பரில், காந்தி மறைந்த அதே ஆண்டின் இறுதியில், அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தார். வழக்கமாகக் குற்றம் புரிபவர்க்கும் அவ்வுரிமை போய்ச் சேருமே என்று அம்பேத்கர் மறுத்தார், திருத்தம் தோற்றது. அம்பேத்கரின் கவலை நியாயமானது என்பதே எங்கள் எண்ணம். ஆயினும் 'குற்றம் புரிபவர்' என்ற சொல்லை, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் 1947 வரை சமூகம் சமூகமாகக் கைரேகை வைத்த இந்தச் சீமையிலிருந்து கேட்கும்போது சற்றுத் தயக்கம் உண்டாகிறது.

பிறகு வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் படித்தபோதுதான் திருச்சுழிச் சம்சாரியின் கேள்வி மீண்டும் எழுந்தது. அவர் அறியாமலே சட்டத்தின் உட்கருத்தைச் சொல்லியிருந்தார். 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வழவழப்புக் குழல் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ வேட்டைக்கோ கேட்டாலும், வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்க்காவலுக்குக் கேட்டாலும் உரிமம் தருவதில் சட்டம் தாராளம் காட்டுகிறது. கைத்துப்பாக்கி என்றால் தக்க காரணம் உண்டென அதிகாரிக்கு மனநிறைவு ஏற்பட வேண்டும். குழலை அறுத்துக் குட்டையாக்குவது தனிக் குற்றம். ஆயுதத்தின் ஆற்றலைவிட அதன் நீளத்தையே சட்டம் அளக்கிறது.

அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்து வீட்டில், விருந்தினராக வந்த எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது; ராதா தம்மையும் சுட்டுக்கொண்டார். நீதிமன்றம் ராதாவைத் தண்டித்தது. எம்.ஜி.ஆர். பிழைத்தார், குரல் பழையபடி திரும்பவில்லை. 1977இல் அவர் அருப்புக்கோட்டையில் நின்று வென்று முதலமைச்சரானபோது இவ்வூர் மக்கள் மேடையில் கேட்டது அந்தக் கம்மிய குரலைத்தான். அங்கேயும் தொலைவு ஓர் அறைக்குள் இருவர் உட்கார்ந்து பேசும் தொலைவே.

2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரைப் பெண்களின் தற்காப்புக்கென்று வெளியிட்டது. டைட்டானியக் கலப்பு உலோகம், 500 கிராம், ஆறு தோட்டாக்கள், கைப்பைக்குள் அடங்கும் அளவு. விலை 1,22,360 ரூபாய். திருச்சுழிக் காட்டில் களையெடுக்கும் பெண்ணை மனத்தில் கொண்டு அந்த விலை வைக்கப்படவில்லை என்பது மட்டும் உறுதி. அரசுத் தொழிற்சாலைகள் உரிமதாரருக்கென்று செய்துவந்த 0.32 பிஸ்டலும் வேறொன்றன்று: பிரௌனிங் தம் 1900ஆம் ஆண்டுப் பிஸ்டலுக்காக வடித்த அதே 7.65 தோட்டாவைத்தான் அது கொள்கிறது.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் ஒரு படி மேலே சென்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு, முழுவதும் மூடியே எடுத்துச் செல்ல வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவது தடை. 1798இல் இவ்வழியே சென்ற பரிவாரத்தை நினைத்துப் பார்த்தோம். அன்று காட்டுவது மதிப்பு. 1911இல் மறைப்பது சதி. இன்று மறைப்பது விதி.

தேர்தல் முடிவுகள் வந்தபின் அந்தச் சம்சாரிக்குத் தொலைபேசினோம். துப்பாக்கி இன்னும் திரும்பி வரவில்லையாம். அலுவலகத்திலிருந்து தாள் வரவேண்டுமாம். இரவில் பரணில் அமர்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "சத்தம் கேட்டாப் பன்னி ஒரு பத்து நிமிசம் நிக்கும். அப்புறம் இது வெறுந் தகரம்னு அதுக்குத் தெரிஞ்சு போயிருது தம்பி."