சவ ஊர்தியிலிருந்து கலைத்திட்டம் வரை



கலைத்திட்டம் என்பது ஆசிரியர்களாகிய நமக்கு அச்சிடப்பட்ட நூலாகவே வந்து சேர்கிறது. அதை முதன்முதலில் யார் மீது சோதித்துப் பார்த்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. விபத்து நடந்த இடத்திலேயே சிகிச்சையைத் தொடங்கும் பாராமெடிக் பணியாளர்களுக்காக அமெரிக்க அரசு உருவாக்கிய கலைத்திட்டத்தின் வரலாற்றைப் படித்தபோது இக்கேள்வி என்னை விடவில்லை.

1960களில் அந்நாட்டில் அம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியை நடத்தியவர்கள் ஈமச்சடங்கு நிலையத்தார் என்றால் நம்புவீர்களா? படுத்த நிலையில் ஒருவரைக் கொண்டுசெல்ல வசதியான வண்டி அவர்களிடந்தான் இருந்தது. வண்டி இருந்ததே தவிரப் பயிற்சி இல்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 1966ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை இக்குறையை வெளிப்படையாகச் சுட்டியது. அதற்கு முந்தைய ஆண்டான 1965இல் மட்டும் விபத்துகளால் 107,000 பேர் மாண்டனர். அவர்களுள் 49,000 பேர் வாகன விபத்துகளில் மாண்டவர்கள். அறிக்கை வெளிவந்த 1966ஆம் ஆண்டிலேயே நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. இதனால்தான் அவசர மருத்துவப் பயிற்சி சுகாதாரத் துறையின் பொறுப்பாக அமையாமல் போக்குவரத்துத் துறையின் பொறுப்பாயிற்று. 1971இல் அத்துறை வெளியிட்ட அடிப்படைப் பயிற்சித் திட்டம் 81 மணி நேரம் கொண்டது.

ஆனால் பிட்ஸ்பர்க் நகரில் அதற்கு முன்பே ஒரு வகுப்பு தொடங்கிவிட்டது. வியன்னாவில் பிறந்த மருத்துவர் பீட்டர் சேஃபர், சிபிஆர் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1966இல் தம் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தவர். அந்நகரின் ஹில் வட்டாரத்தில் பெரும்பாலும் கறுப்பின ஏழைகள் வாழ்ந்தனர். நோயாளியை அள்ளிச் செல்லக் காவல்துறை வண்டிதான் வரும். பல வேளைகளில் அதுவும் வராது. 1967இல் ‘ஃபிரீடம் ஹவுஸ்’ என்னும் அமைப்பின்வழி அவ்வட்டார இளைஞர்களைத் திரட்டிச் சேஃபர் குழுவினர் பயிற்சியளித்தனர். அறக்கட்டளை நிதியோடு, வறுமை ஒழிப்புக்காக மத்திய அரசு ஒதுக்கிய பணமும் அதற்கு உதவியது.

மாணவர்கள் யார்? வேலையற்றோர், உயர்நிலைப் பள்ளியை முடிக்காதோர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியோர், சிறை சென்று வந்தோரும் உண்டு. பயில்வோனின் முன்னறிவை அறிந்து பாடத்தைத் தொடங்குக என்று பயிற்சிக் கல்லூரியில் நமக்கு ஓயாமல் சொன்னார்கள் அல்லவா? அதை அங்கே செய்து காட்டினார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கு அதற்குரிய பாடமும் சேர்த்தே நடத்தப்பட்டது. ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி. உடற்கூற்றியல் வகுப்பு, பின்னர் மருத்துவமனையில் நேரடிப் பணி. 1968இல் ஊர்திகள் ஓடத் தொடங்கின. முதல் ஆண்டிலேயே 5,800 அளவிலான அழைப்புகளுக்கு அவர்கள் விரைந்தனர்.

1974இல் மருத்துவர் நான்சி கரோலைன் இச்சேவையின் மருத்துவ இயக்குநரானார். அவர் அலுவலகத்தில் அமர்ந்து பாடம் எழுதியவர் அல்லர். பணியாளர்களோடு ஊர்தியில் ஏறிச் சென்றவர். மூச்சுக் குழாய்க்குள் குழாய் செலுத்துவது, ஈசிஜி பார்த்து மருந்து கொடுப்பது ஆகியவற்றை அவர்கள் தெருவிலேயே செய்யுமளவு பயிற்றினார். நாடு முழுமைக்குமான பாராமெடிக் கலைத்திட்டத்தை வகுக்கும் பணியைப் போக்குவரத்துத் துறை பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தபோது, அதை எழுதும் பொறுப்பு கரோலைனுக்கு வந்தது. எழுதிய பாடங்கள் ஃபிரீடம் ஹவுஸ் பணியாளர்களிடமே சோதித்துப் பார்க்கப்பட்டன.

இவ்விடத்தில்தான் என் மனம் கனக்கிறது. மத்திய அரசு இவர்களை முன்மாதிரியாகக் கொண்ட அதே காலத்தில், நகராட்சி இவர்களுக்கான நிதியைக் குறைத்து, பணி எல்லையைச் சில வட்டாரங்களுக்குள் அடக்கியிருந்தது. 1975 அக்டோபர் 15ஆம் நாள் ஃபிரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது. பழைய பணியாளர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று கரோலைன் வற்புறுத்தினார். சேர்த்தார்கள், ஆனால் குழுக்களைப் பிரித்தார்கள், எழுத்துத் தேர்வு வைத்தார்கள், பழைய குற்றப் பதிவைக் காரணம் காட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் உயிர் காத்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினர். தேர்வு எதை அளக்கிறது என்ற கேள்வியை நாம் வகுப்பறைக்குள்ளேயே கேட்டுப் பழகிவிட்டோம். அதற்கு வெளியேயும் கேட்க வேண்டிய இடங்கள் உள்ளன.

கலைத்திட்டம் 1977இல் வெளிவந்தது. கரோலைன் எழுதிய பாடநூல் 1979இல் வெளியாகி, அவர் 2002இல் மறைந்த பின்னரும் புதுப்பதிப்புகள் கண்டுவருகிறது. வெளியேற்றங்களுக்கிடையே நிலைத்து நின்றவர்களுள் ஜான் மூன் பிட்ஸ்பர்க் அவசர மருத்துவச் சேவையின் உதவித் தலைவராக உயர்ந்தார். மற்றொருவரான மிட்செல் பிரவுன் கிளீவ்லாந்து நகரின் அவசர மருத்துவச் சேவைக்குத் தலைமையேற்று, பின்னர் ஒஹாயோ மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் இயக்குநரானார்.