சனாமிவிர்

ரெலென்சா என்ற பெயரில் விற்பனையாகும் இன்ஃபுளுவென்சா மருந்து. வைரஸின் புரத வடிவத்தைக் கண்டறிந்து, அதற்கேற்ப உருவாக்கிய சேர்மம் என்பதே இதன் தனிப்பெருமை.

செல்லில் உருவாகி வெளிவரும் புதிய வைரஸ்கள் அச்செல்லின் மேற்பரப்பிலுள்ள சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வைரஸின் நியூராமினிடேஸ் என்ற நொதி அந்தப் பிணைப்பை வெட்டினால்தான் அவை அடுத்த செல்லுக்குப் பரவ முடியும். ஆஸ்திரேலியாவின் பீட்டர் கோல்மன் குழு 1983இல் இந்நொதியின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டது. அதன் செயல்மையத்தில் எதிர்மின்சுமையுள்ள ஓர் இடுக்கு தெரிந்தது. மெல்போர்னில் மார்க் ஃபான் இட்ஸ்டைன் குழுவினர், இந்நொதிக்கு முன்பே அறியப்பட்ட வலுவற்ற தடுப்பான் ஒன்றின் நான்காம் கார்பனிலிருந்த ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு, நேர்மின்சுமையுள்ள குவானிடினோ தொகுதியைப் பொருத்தினர். இப்படிக் கிடைத்ததே சனாமிவிர். நொதியின் மீதான பிடிப்பு பல ஆயிரம் மடங்கு கூடியது! கீரிப்பிள்ளை போன்ற ஃபெரெட் விலங்குகளிலும் சோதனை வெற்றி பெற்றது.

ஒரு குறை உண்டு. விழுங்கினால் உடல் சரிவர ஏற்காது. பொடியாக உள்ளிழுக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம்.

அமெரிக்கா 1999இல் அனுமதித்தது. அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.