காளி வேஷமும் வெள்ளைக் கவசமும்: வேஷக் குழுக்களுக்குள் சண்டை ஏன் வருது?

இந்த எபிசோட் வேஷம் போடுற குழுக்களைப் பத்தினது. குறிப்பா, அந்தக் குழுக்களுக்குள்ள வர்ற சண்டையைப் பத்தினது. யாரைச் சேர்க்கலாம்? எது சரியான வேஷம்? ஒருத்தர் தப்பு பண்ணா யார் பேர் கெடும்? இந்த மூணு கேள்விதான் இன்னைக்கு.

எனக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம். அங்கேருந்து ஆழ்வார்திருநகரி, குரும்பூர், திருச்செந்தூர்னு தெக்கே போனா குலசேகரப்பட்டினம் வரும். வெளியூர்க்காரங்களுக்கு இப்போ அது இஸ்ரோவோட புது ஏவுதளம் வர்ற ஊர். எங்களுக்கு அது குலசை. முத்தாரம்மன் கோயில், தசரா. புரட்டாசி, ஐப்பசி வாக்குல எங்க பக்கத்து பஸ் ஸ்டாண்டுல குரங்கும் எமனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறதைப் பார்க்கலாம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.

தெரியாதவங்களுக்கு முறையைச் சொல்லிடுறேன். அம்மனுக்கு நேர்ந்துகிட்டவங்க மாலை போட்டு விரதம் இருப்பாங்க. காளி வேஷம்னா 48 நாள், 41 நாள்னு கணக்கு. மத்த வேஷங்களுக்கு 21 நாள், 11 நாள்னு ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு ஊர்லயும் தசரா குழு இருக்கும். அவங்க சேர்ந்து ஓலைக் குடில் போட்டு, அம்மன் படம் வச்சு, அங்கேயே தங்கிப் பூஜை பண்ணுவாங்க. கோயில்ல கொடியேறினதும் காப்பு கட்டிக்கிட்டு வேஷம் போடுவாங்க. அப்புறம் மேளத்தோட வீடு வீடா, கடை கடையா காணிக்கை கேட்டுப் போவாங்க. பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில மகிஷாசுர சம்ஹாரம். வசூலான காணிக்கை கோயில் உண்டியலுக்குப் போகும்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. வேஷம் எவ்வளவு அச்சு அசலா இருக்குன்னு யாரும் மார்க் போடுறதில்ல. தகரக் கிரீடம் போதும். கரடி வேஷம் சாக்குத் துணியில இருந்தாலும் கரடிதான். பிச்சைக்காரர் வேஷம்கூட நேர்ந்துக்கலாம். ஊர்ல நாலு கடை வச்சிருக்கிற அண்ணாச்சி கிழிஞ்ச துணியோட அடுத்த வீட்டு வாசல்ல கையேந்தி நிப்பார். இங்கே தரம்னா அது விரதம். கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு.

இப்போ இதுக்கு நேர் எதிரான ஒரு குழுவைப் பார்ப்போம். 1997-ல அமெரிக்காவோட தென் கரோலினாவுல ஆல்பின் ஜான்சன், டாம் க்ரூஸ்னு ரெண்டு ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் சேர்ந்து ஆரம்பிச்சது 501-வது லீஜன். (இந்த க்ரூஸ் நடிகர் இல்ல, வேற ஆள்.) படத்துல வர்ற வெள்ளைக் கவச வீரர்கள் மாதிரியான வில்லன் பக்கத்து வேஷங்களைப் போடுறவங்க. இன்னைக்கு உலகம் பூரா 10,000 பேருக்கு மேல இருக்காங்க. 18 வயசு ஆகியிருக்கணும். சொந்தமா வேஷம் இருக்கணும். அந்த வேஷத்தைப் பல கோணத்துல போட்டோ எடுத்து அனுப்பணும். ஒவ்வொரு வேஷத்துக்கும் எழுதி வச்ச அளவுகோல் உண்டு: ஹெல்மெட் எப்படி, பெல்ட் எப்படி, கையுறை எப்படின்னு. பொறுப்பாளர் ஒருத்தர் அதோட ஒப்பிட்டுப் பார்த்து ‘இதை மாத்திட்டு வா’ன்னு திருப்பி அனுப்புவார். சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லணும்னா, அப்படியே கோட் ரிவியூ. கடையில வாங்கின பார்ட்டி உடுப்பு பொதுவா தேறாது.

அங்கே யாரும் ‘உனக்கு அந்தப் படம் மேல எவ்வளவு பிரியம்?’னு கேக்கிறதில்ல. கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் கணக்கு. குலசையில கண்ணுக்குத் தெரியாததுதான் கணக்கு. சண்டையும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் வரும். அங்கே பிளாஸ்டிக்கோட வளைவு சரியில்லன்னு சண்டை. இங்கே ‘அவன் விரதமே இருக்கல, எப்படி காளி கட்டலாம்?’னு சண்டை. முதல் சண்டைக்குப் போட்டோ ஆதாரம் உண்டு. ரெண்டாவதுக்கு என்ன ஆதாரம்? அதனாலதான் அது சீக்கிரம் தீராது. குழு ரெண்டா உடைஞ்சு, ஒரே ஊர்ல ரெண்டு குடில் வர்ற அளவுக்குப் போகும்.

விதிகள் எப்படிப் பொறக்குதுன்னு பார்த்தா, பெரும்பாலும் ஒரு சம்பவத்துக்குப் பின்னாடிதான். 1939-ல நியூயார்க்ல நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மேனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால உலகத்து உடையில வந்தாங்க. உடையைத் தைச்சது மிர்ட்டில். ரசிகர் வேஷத்தோட வரலாறு அங்கேருந்துதான்னு சொல்றது வழக்கம். அப்போ விதி ஒண்ணும் இல்ல. 1972-ல லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாட்டுல ஸ்காட் ஷான்னு ஒரு கார்ட்டூனிஸ்ட் உடம்பு பூரா வேர்க்கடலை வெண்ணெயைப் பூசிக்கிட்டு மேடையேறினார். அது பக்கத்துல இருந்தவங்க உடை மேலயும் சாமான்கள் மேலயும் ஒட்டி, நாறி, பெரிய களேபரம். அதுல இருந்து ‘வேர்க்கடலை வெண்ணெய் கூடாது’ங்கிறது அங்கே எழுதாத சட்டம்.

குலசையிலயும் அப்படித்தான். இரும்புல செஞ்ச வாள், சூலாயுதம் கொண்டுவரக் கூடாது. சாதி அடையாளத்தோட கொடி, ரிப்பன் கூடாதுன்னு திருவிழாவுக்கு முன்னாடி போலீஸும் மாவட்ட நிர்வாகமும் அறிவிக்கிறாங்க. சில குழுக்கள் காசு கொடுத்து நடனக்காரங்களைக் கூட்டிட்டு வந்து சினிமாப் பாட்டுக்கு ஆட வைக்க, அந்த விஷயம் உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை வரைக்கும் போச்சு. ஆபாச நடனம் கூடாதுன்னு உத்தரவு வந்தது. குடிலுக்குள்ள உக்காந்து தீர்த்திருக்க வேண்டிய பஞ்சாயத்து அது.

ஏன் இதுக்கு இவ்வளவு பதட்டம்? வேஷம் முகத்தை மறைக்குது, அதான் காரணம். சாதாரண சட்டையில ஒருத்தன் தப்பு பண்ணா அவன் பேர் கெடும். காளி வேஷத்துல ஒருத்தன் குடிச்சிட்டு விழுந்து கிடந்தா, அவன் பேர் யாருக்கும் தெரியாது. ‘தசரா குழுக்காரங்களே இப்படித்தான்’னு ஆயிடும்.

எங்க ஊர்க் கோயில் கதை ஒண்ணு இங்கே ஞாபகம் வருது. ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாளுக்குக் கள்ளபிரான்னு பேர். காலதூஷகன்னு ஒரு திருடன், கொள்ளையடிச்சதுல பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்துட்டு வந்தானாம். ராஜாவோட ஆளுங்க பிடிக்க வந்தப்போ பெருமாளே அந்தத் திருடன் உருவத்துல போய் நின்னார்ங்கிறது தல வரலாறு. திருடனோட பழியைச் சாமி சுமந்துச்சு. தசராவுல நடக்கிற ஏமாத்து இதுக்குத் தலைகீழ். காப்பும் கட்டாம, குழுவும் இல்லாம, ஒருத்தன் சாமி உருவத்தைப் போட்டுக்கிட்டு வசூல் பண்ணி பாக்கெட்ல வச்சுக்குறான். அவன் பழியையும் சாமிதான் சுமக்க வேண்டியிருக்கு.

ஆச்சரியமான விஷயம் என்னன்னா, எதிரெதிரா இருக்கிற இந்த ரெண்டு குழுவும் ஒரு இடத்துல சேருது: காசு. 501-வது லீஜன்காரங்க நிகழ்ச்சிக்குப் போனா சம்பளம் வாங்கக் கூடாது. கூப்பிட்டவங்க விரும்பினா ஏதாவது அறக்கட்டளைக்குக் கொடுக்கலாம். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அந்தக் கவசத்தோடயே போய்ப் பார்த்துட்டு வருவாங்க. குலசையில காணிக்கை உண்டியலுக்கு. வேஷத்தால வர்ற காசு வேஷக்காரனுக்கு இல்லங்கிறதை ரெண்டு பேரும் தனித்தனியா கண்டுபிடிச்சிருக்காங்க. என்னைக் கேட்டா, மத்த எல்லா விதியையும் விட இதுதான் முக்கியம். இது உடைஞ்சா குழு வெறும் கம்பெனி ஆயிடும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. செட்டு, லைட்டு, பெரிய கிரீடம், வாடகைக்கு ஒப்பனைக்காரர்னு செலவு ஏற ஏற, குழுவோட பேரு பிரம்மாண்டத்துல இருக்குன்னு ஆகிட்டு வருது. அப்போ சாக்குத்துணிக் கரடி என்ன ஆவார்? கையேந்தி நிக்கிற அண்ணாச்சி என்ன ஆவார்? லீஜன்ல இதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. உள்ளே வர அடிப்படை அளவு ஒண்ணு. இன்னும் நுணுக்கமா செய்யணும்னு ஆசைப்பட்டா அதுக்கு மேல படிகள் உண்டு, ஆனா அது அவங்கவங்க விருப்பம். அந்தப் படி ஏறலைன்னு யாரையும் வெளியே தள்ள மாட்டாங்க.

நம்ம குழுக்களுக்கும் அது பொருந்தும்னு நினைக்கிறேன். உடையில தாராளமா இருக்கலாம். விரதத்துலயும் கணக்குலயும் கறாரா இருக்கணும். எவ்வளவு வசூல், எவ்வளவு உண்டியல்ல போட்டோம்னு குடில் வாசல்ல ஒரு போர்டுல எழுதி வச்சாலே பாதிச் சண்டை தீரும்.

நாமளும் ஒண்ணு செய்யலாம். இந்தத் தசராவுக்கு உங்க வீட்டு வாசல்ல ஒரு காளி வந்து நின்னா, காசு போடுறதுக்கு முன்னாடி மரியாதையா ஒரு வார்த்தை கேளுங்க: ‘எந்த ஊர்க் குழு? குடில் எங்கே?’ விரதம் இருந்து வந்தவர் சந்தோஷமா பதில் சொல்வார்.