தொழிலும் தெரியணும், கணக்கும் தெரியணும்



நம்ம குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் பேச்சு முடிஞ்சதும் அடுத்து வர்ற பேச்சு பிள்ளைங்களைப் பத்தித்தான். பையன் டிப்ளமோ முடிச்சிட்டு வேலைக்கு அலையுறான், மக உப்பளத்துக்கு வரமாட்டேன், சொந்தமா ஏதாவது செய்றேங்கிறா. மிஷின் வாங்கக் கடன் கொடுக்க நம்மகிட்ட வழி இருக்கு. அதை வெச்சுத் தொழில் நடத்த யார் சொல்லித் தர்றது? இந்தக் கேள்வி நம்ம கடற்கரைக்குப் புதுசு இல்லை.

முத்துக்குளிப்பையே எடுத்துக்குவோம். காலில் கல்லை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய் சிப்பி அள்ளி வந்தவர்கள் இந்தக் கரையின் ஆட்கள். அந்தத் திறமைக்கு ஈடு கிடையாது. ஆனால் சிப்பிப் பார்கள் அரசாங்கத்துக்குச் சொந்தம். ஆங்கிலேயர் காலத்தில் அள்ளி வந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவருக்கு. மீதியை ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்த வியாபாரி சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்தைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரித்து விற்றார். எந்த முத்து எந்த ஊரில் என்ன விலைக்குப் போகும் என்பது அவருக்குத்தான் தெரியும். 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. தொழில் தெரிந்தவர் கையில் வியாபாரம் கடைசிவரை வந்து சேரவில்லை.

இதை உணர்ந்த ஒருவர் நம்ம ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். வ.உ.சிதம்பரனார் 1906-ல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார்கள். நாம மாசாமாசம் சந்தா கட்டுவதுபோல, பலர் சேர்ந்து பெரிய தொழிலைத் தூக்கலாம் என்ற எண்ணம்தான் அது. 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன.

கப்பல் ஓட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கம்பெனியின் நோக்கங்களில் இன்னொன்றும் எழுதி வைத்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, கப்பல் ஓட்டவும் கட்டவும் சொல்லித் தர வேண்டும், அதற்குப் பள்ளிகள் தொடங்க வேண்டும் என்பதே அது. கப்பலை வாங்கினால் மட்டும் போதாது, அதை நடத்தத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

எதிரில் நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றதாகச் சொல்வார்கள். 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். அதற்கு முன்பே, 1911-ல், கம்பெனி கலைக்கப்பட்டது. பள்ளிக்கூட நினைப்பும் அதோடு போயிற்று.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1979-ல், மத்திய அரசு கிராமப்புற இளைஞர்களுக்குச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி கொடுக்க 'ட்ரைசெம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. தையல், மெக்கானிக் வேலை என்று பல தொழில் கற்றுக் கொடுத்தார்கள். பயிற்சி முடித்த பலருக்குக் கடன் கிடைக்கவில்லை. கடன் கிடைத்தவர்களிலும் பலருக்குச் சந்தை தெரியவில்லை. 1999-ல் அதை வேறு திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். அந்தப் புதுத் திட்டம்தான் சுயஉதவிக் குழுக்களை நடுவில் வைத்தது.

இதற்கிடையே கர்நாடகாவில் உஜிரே என்ற ஊரில் 1982-ல் வேறு மாதிரி ஒரு முயற்சி நடந்தது. தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையம் தொடங்கின. குறுகிய காலப் பயிற்சி, பிறகு வங்கிக் கடன், அதன் பிறகும் தொழில் எப்படி நடக்குது என்று தொடர்ந்து விசாரிப்பது. இந்த முறை பலன் தந்ததால்தான் இன்றைக்கு மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம், அதாவது ஆர்செட்டி, இருக்கிறது. பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். பயிற்சி முடித்த பிறகு இரண்டு வருஷம் கூடவே வந்து பார்க்க வேண்டும் என்பது விதி.

நம்ம குழுக்களின் கதையும் இதே காலம்தான். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழு முயற்சி தொடங்கியது. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்கூட வட்டிக் கணக்கு, தவணை, தீர்மானம் எல்லாம் இந்தப் பாயில் உட்கார்ந்துதான் கத்துக்கிட்டாங்க. முத்துக்குளித்தவருக்குக் கிடைக்காத படிப்பு இதுதான்.

உதாரணத்துக்கு ஒரு கருவாட்டுக் கணக்கு. 10 கிலோ மீன் 1,000 ரூபாய்க்கு எடுக்கிறோம். உப்பு, கூலி, பை, வண்டி எல்லாம் 300. காய்ந்த பிறகு 4 கிலோதான் நிற்குதுன்னு வைங்க. கிலோவுக்கு 325 ரூபாய் அடக்கம். அதை 300-க்கு விற்றால் கையில் 1,200 வரும். மீனுக்குக் கொடுத்தது 1,000 தானே, 200 லாபம்னு தோணும். உண்மையில் 100 ரூபாய் நஷ்டம். நம்ம சொந்த உழைப்புக்கும் கூலி போட்டால் நஷ்டம் இன்னும் கூடும். இந்தக் கணக்கு தெரியாமல் கடன் வாங்கிக் கொடுத்தால், பிள்ளை தலையில் பாரம்தான் ஏறும்.

ஆகவே நம்ம கூட்டமைப்பு மூன்று காரியம் செய்யலாம். ஒவ்வொரு குழுவும் உறுப்பினர் வீட்டு இளைஞர் ஒருவரை, ஆணோ பெண்ணோ, மூணு மாசம் கணக்கு எழுத உட்கார வைக்கட்டும். தொழில் கடன் கேட்டால், அடக்க விலையை ஒரு தாளில் எழுதி, வாங்கப் போகிற மூணு பேரைப் பார்த்துப் பேசிவிட்டு வரச் சொல்லட்டும். கடன் கொடுத்த பிறகு, அதே தொழிலில் இருக்கிற ஒரு அக்கா மாசம் ஒரு தடவை போய் பார்த்து வரட்டும், இரண்டு வருஷம்வரை.

இதற்குப் புதுக் கட்டடமோ பெரிய நிதியோ தேவைப்படாது. அன்றைக்கு ஒரு கப்பல் கம்பெனியால் முடிக்க முடியாமல் போன வேலையில் ஒரு பகுதியை நாம செய்யலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் இதை முதல் பொருளாக எழுதுவோம்.