பூட்டிய வீடுகளும் போகாமல் இருந்தவர்களும்

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வியில் பிளேக் நோயைக் கண்டறிந்து சொன்னார் மருத்துவர் அகாசியோ வியேகாஸ். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்நகரில், சில மாதங்களுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள். போக்கிடம் இருந்தவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். தெருத்தெருவாக வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன.

அக்டோபர் 6ஆம் தேதி நகராட்சி ஆணை வந்தது. நோய் இருப்பதாக ஐயம் எழுந்த எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், கழுவலாம், நோயாளியைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். வெயில் உள்ளே விழவேண்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். தரையைத் தோண்டினார்கள், சுவரெங்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். தேறாது என்று முடிவான வீட்டுச் சுவரில் 'யு.எச்.எச்.' என்று மூன்று எழுத்து எழுதினார்கள். மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது என்பது அதன் பொருள். அங்கே குடியிருந்தவர் இனி எங்கே போவார் என்பதற்கு அந்தச் சுவரில் எழுத்து இல்லை.

வீட்டுக்காரர்கள் போய்விட்ட நகரில் மலம் அள்ளியது யார், சாக்கடை கழுவியது யார்? ஹலால்கோர் என்று அழைக்கப்பட்ட நம் மக்கள். கட்டாய மருத்துவமனைக்கு அஞ்சி அவர்களும் கிளம்பிவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்தது. நகராட்சி ஆணையர் ஸ்னோ கலங்கியது அப்போதுதான். அவர்கள் போனால் நகரில் யாருமே வாழ முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அக்டோபர் முடிவதற்குள் ஆணை தளர்த்தப்பட்டது. மில் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் துடைப்பத்தைக் கீழே போடும் கைக்கு எத்தனை வலிமை என்பதை அரசே தன் அறிக்கையில் எழுதிவைத்த இடம் இது. நம் வரலாற்றுப் பாடநூல்களில் இதைத் தேடிப் பாருங்கள்.

1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை சட்டமாயிற்று. நோய்க்கால ஆணை நிரந்தர அதிகாரமாக மாறியது. நாக்பாடாவில் தொடங்கி, நெரிசலான குடியிருப்புகளை இடித்து அகன்ற சாலைகள் போட்டார்கள். முதல் இருபது ஆண்டுகளில் இடித்த அறைகளின் எண்ணிக்கைக்குக்கூடப் புதிய அறைகள் கட்டவில்லை. வெளியேற்றப்பட்டவர்கள் பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கியடித்துக்கொண்டு குடியேறினார்கள். அந்த வீடுகளும் பிறகு 'தகுதியற்றவை' ஆயின.

அறக்கட்டளை கட்டிய சால்களில் ஒன்று பரேலில் இருக்கிறது. இரண்டாம் மாடியில் 50, 51 என்று இரண்டு சிறிய அறைகள். 1912 முதல் 1934 வரை அண்ணல் அம்பேத்கரின் குடும்பம் வாழ்ந்தது அங்கேதான். கொலம்பியாவுக்கும் லண்டனுக்கும் படிக்கப் போனவர், மகாடுக்கும் வட்டமேசைக்கும் புறப்பட்டவர், திரும்பி வந்து ஏறியது அந்தப் படிக்கட்டில்தான்.