40 மீட்டர்

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவினப்போ ஒரு ஃபோல்டர் கிடைச்சுது. 2016-ல ஆரம்பிச்சு அஞ்சாறு வருஷம் போக்கிமான் கோ பத்தி அப்பப்போ சேர்த்து வச்ச செய்திகள். வரிசையாகப் படித்துக்கொண்டே போனதில் ஒரு எண் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: 40 மீட்டர். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு சின்ன வரலாறு எழுதலாம்னு தோணுச்சு.

விளையாடாதவர்களுக்காக ஒரு வரி. கைப்பேசியில் உங்கள் ஊர் வரைபடம் தெரியும். அதில் சிலை, நினைவுப்பலகை, பூங்கா, சர்ச் மாதிரியான இடங்கள் ‘போக்கிஸ்டாப்’ ஆகியிருக்கும். 2016-ல் அதற்குச் சுமார் 40 மீட்டர் பக்கத்தில் போய் நின்றால்தான் ஏதாவது கிடைத்தது. எல்லாரும் ஆக்மென்டட் ரியாலிட்டி, கேமராவுக்குள்ள பொம்மை தெரியுதுன்னு பேசினாங்க. ஆனா பேட்டரி தீருதேன்னு நிறைய பேர் அந்தக் கேமராவை அணைத்துவிட்டுத்தான் விளையாடினார்கள். மனிதர்களை வெளியே இழுத்தது வரைபடம்தான்.

இந்தத் தூரம் சாத்தியமானதற்கே ஒரு தேதி உண்டு. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரைகூடத் தப்பும். கிளின்டன் அரசு அதை நிறுத்திய மறுநாளே ஒரிகானில் ஒருவர் ஒரு வாளியைக் காட்டோரம் ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தை எண்களாக இணையத்தில் போட்டார். ஜியோகேஷிங் அப்படித்தான் பிறந்தது. நியான்டிக் நிறுவனத்தின் ‘இன்கிரெஸ்’ 2012-ல் வந்தபோது அந்த வாளிக்குப் பதில் ‘போர்ட்டல்’.

இங்கேதான் எனக்குச் சுவாரசியமான இடம். போர்ட்டல்களை யார் தேர்ந்தெடுத்தது? அமெரிக்காவில் ஏற்கெனவே தொகுக்கப்பட்டிருந்த வரலாற்றுப் பலகைகளின் பட்டியல் ஒரு பக்கம், விளையாடியவர்களே அனுப்பிய படங்கள் இன்னொரு பக்கம். பலகை நட்டவங்க யாரு, எந்தத் தெருவுல நட்டாங்க? ஸ்மார்ட்ஃபோனோட சுத்தினவங்க எந்தத் தெருவுல சுத்தினாங்க? அந்தப் போர்ட்டல்கள்தான் அப்படியே 2016-ல் போக்கிஸ்டாப்களாக வந்தன. அர்பன் இன்ஸ்டிட்யூட் வாஷிங்டனில் கணக்கெடுத்தபோது, வெள்ளையர் அதிகம் வாழும் பகுதிகளில் சராசரி 55, கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பகுதிகளில் 19. தெரியாத தெருவில் நின்று நின்று நடக்கும் கறுப்பின இளைஞனைப் போலீஸ் எப்படிப் பார்க்கும் என்று ஒரு கறுப்பின எழுத்தாளர் அந்த ஜூலையிலேயே எழுதியிருந்தார். விளையாட்டு அந்நியர்களைச் சேர்த்து வைத்தது என்பது உண்மைதான். யாரை, எங்கே என்பதைப் பழைய பலகைகள் முன்பே முடிவு செய்துவிட்டன.

அந்த ஜூலையில் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ராத்திரியில் கூட்டம் ஓடியது. வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகமும் ஆர்லிங்டன் கல்லறையும் இங்கே விளையாடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. போஸ்னியாவில் கண்ணிவெடி இருக்கும் பக்கம் போய்விடாதீர்கள் என்று எச்சரிக்கை வந்தது.

ஆனா நான் அதிகம் யோசிச்சது சிட்னி பக்கத்துல இருக்கிற ரோட்ஸ் பத்தி. அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பூங்கா. அதில் மூன்று போக்கிஸ்டாப்கள் நெருங்கி இருந்தன. ஒரே இடத்தில் உட்கார்ந்து மூன்றையும் எட்டலாம். நூற்றுக்கணக்கில் ஆட்கள், நடுராத்திரி தாண்டியும். கோபத்தில் குடியிருப்பவர்கள் மாடியிலிருந்து தண்ணீர் பலூன்களை எறிந்தார்கள், போலீஸ் வந்தது. சில வாரங்களில் நிறுவனம் அந்த மூன்றையும் நீக்கியது. வேலி போடல, கேட் பூட்டல. வெளிநாட்டுல இருந்த ஏதோ சர்வர்ல மூணு புள்ளியை அழிச்சாங்க, அவ்வளவுதான். ஒரு பூங்காவில் ஆள் சேருவதை அந்த ஊர்க்காரர்களும் நகராட்சியும் தீர்மானிக்காமல் ஒரு கம்பெனி தீர்மானித்தது என்பது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

அமெரிக்காவில் வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-ல் சமரசம். வீட்டு எல்லையிலிருந்து 40 மீட்டருக்குள் போக்கிஸ்டாப் இருந்தால் நீக்கச் சொல்லிக் கேட்கலாம். பத்துப் பேருக்கு மேல் கூடும் ‘ரெய்டு’ என்றால், சுற்றியிருப்பவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்று திரையிலேயே எச்சரிக்கை வரும். நம்ம ஊர்ல கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கேட்டா சிரிப்பார்.

நடை பற்றியும் சொல்லிடறேன். 2016 கடைசியில் பி.எம்.ஜே. இதழில் வந்த ஆய்வு: முதல் வாரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 955 அடிகள் கூடின. ஆறாவது வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. ஆனாலும் தொடர்ந்து விளையாடியவர்கள் இருந்தார்கள். பூங்காவில் மாலையில் கூடுவதை வழக்கமாக்கிக்கொண்டவர்கள்.

பிறகு கொரோனா. 2020-ல் நிறுவனம் தூரத்தை இரட்டிப்பாக்கியது, 80 மீட்டர். ஒருத்தரை ஒருத்தர் நெருங்காமல் விளையாடலாம். 2021 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் மறுபடி 40 ஆக்கினார்கள். மக்கள் வெளியே போய்ச் சந்திக்க வேண்டும் என்பது காரணம். விளையாடுகிறவர்கள் கொதித்துப்போனார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் 80 மீட்டரில் ரோட்டைக் கடக்காமலே எட்டினார். 40-ல் கடக்கணும். கைக்குழந்தை வச்சிருக்கிற அம்மாவுக்கும் அதே கதை. தொற்றும் அப்போது ஓயவில்லை.

சந்திப்பு நல்லது என்கிற கட்சிதான் நானும். ஆனால் இந்த விஷயத்தில் எதிர்த்தவர்கள் பக்கம்தான் நிற்பேன். 40 என்பது நடக்க முடிந்தவனுக்கு ஒரு அளவு, முடியாதவனுக்கு வேறு. அதைவிட ஒரு வேடிக்கை: ஒன்றாகக் கூட வைக்கக் குறைத்த அந்தத் தூரமே, அதை எதிர்க்கத்தான் இவர்களை ஒன்றாகக் கூட வைத்தது. பூங்காவில் இல்லை, இணையத்தில். போட்டியாக வீடியோ போடுகிறவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்தே இராத உள்ளூர்க் குழுக்கள், எல்லாரும் ஒரே கடிதத்தின் பின்னால் நின்றார்கள்.

ஆகஸ்ட் 25-ம் தேதி நிறுவனம் இறங்கி வந்தது. இனி உலகம் முழுக்க 80 மீட்டர்தான் என்று அறிவித்தது. என் ஃபோல்டரில் கடைசியாக இருக்கும் துண்டு அதுதான்.